சீனியர் பிஜிஏ: வருடக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கெடிலக்கரை (கடலூர்):
புதுச்சேரியில் ஒரு வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயார் செய்கிறேன். மூத்த ஆட்டக்காரர்களுக்கான அமெரிக்காவின் சீனியர் பிஜிஏ சாம்பியன்ஷிப் கோல்ஃப் 1937-இல் தொடங்கியது. வருடத்துக்கு ஒன்று என்றால் 2025-இல் நடந்தது 89-ஆவது போட்டி. ஆனால் 85-ஆவது என்றே போடுகிறார்கள். 1979-க்கு இரண்டு வெற்றியாளர்கள், 1983-க்கு ஆளே இல்லை. அச்சுப்பிழையா? இதை "முதல் சீனியர் மேஜர்" (மேஜர் என்றால் மிக முக்கியமான பெரிய போட்டி) என்று எழுதலாமா?

முத்தியால்பேட்டை வாசகன்:
பிழை இல்லை சார். போட்டி நடக்காத ஆண்டுகள் ஆறு: 1939, 1943, 1944, 1983, 1985, 2020. இரண்டு முறை நடந்த ஆண்டுகள் 1979, 1984. ஆக 89-இல் 6 போக 83, அதோடு 2 சேர்த்தால் 85.

1943, 44 போர்க்காலம். 2020 கொரோனா. 1983-உம் 1985-உம் அப்படியல்ல, மாதம் மாறியதால் விழுந்த ஓட்டைகள். 1979 பிப்ரவரியில் ஜாக் ஃப்ளெக் ஜெயித்தார். அதே டிசம்பரில் மறுபடி நடத்தினார்கள், டான் ஜனவரி ஜெயித்தார் (டிசம்பரில் ஜெயித்த ஜனவரி! இதையே ஒரு கேள்வியாக வைக்கலாம்). 1982 டிசம்பரிலும் அவரேதான். அடுத்ததை, தை பிறக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போடுவது போல, 1984 ஜனவரிக்குத் தள்ளினார்கள். அர்னால்ட் பால்மர் வென்றார். நடுவில் பதிமூன்று மாதம்தான், ஆனால் 1983 என்ற கட்டம் காலியாகிவிட்டது. 1984 டிசம்பரில் பீட்டர் தாம்சன், அதன்பின் 1986-இல் கேரி பிளேயர். 1985 காலியானதும் இதே கதை.

லாஸ்பேட்டை:
"முதல் சீனியர் மேஜர்" வேண்டாம். 1937-இல் சீனியர்களுக்கென்று தனி டூரே (வருடம் முழுக்க நடக்கும் தொடர் போட்டிகள்) கிடையாது, அது 1980-இல்தான் வந்தது. "இன்றுள்ள ஐந்து சீனியர் மேஜர்களில் மூத்தது" என்று எழுதினால் யாரும் மடக்க முடியாது. மற்ற நான்கு: யுஎஸ் சீனியர் ஓபன் 1980, சீனியர் பிளேயர்ஸ் 1983, பிரிட்டனின் சீனியர் ஓபன் 1987, டிரெடிஷன் 1989. இதில் பிரிட்டனின் சீனியர் ஓபனுக்கு மேஜர் அந்தஸ்து கிடைத்தது 2003-இல்தான்.

பெயரிலும் சறுக்க வாய்ப்புண்டு. சீனியர் பிஜிஏ-வை நடத்துவது பிஜிஏ ஆஃப் அமெரிக்கா (தொழில்முறை கோல்ஃபர்களின் சங்கம்). சீனியர் டூரை நடத்துவது பிஜிஏ டூர். இரண்டும் வேறு வேறு அமைப்புகள்.

முதல் போட்டி நடந்தது பிரபல கோல்ஃபர் பாபி ஜோன்ஸ் உருவாக்கிய அகஸ்டா நேஷனல் மைதானத்தில். அதனால் வென்றவரும் அவர்தான் என்று நினைக்க வேண்டாம். வென்றவர் ஜாக் ஹட்சிசன், 1947-இலும் அவரே. 1938-இல் ஃப்ரெட் மெக்லியாட். இந்த இருவரும்தான் 1963-இல், அதே அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் கௌரவத் தொடக்க ஆட்டக்காரர்கள் (முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைப்பவர்கள்).

முத்தியால்பேட்டை வாசகன்:
வயது பற்றிக் கேட்பதானால் எந்தப் போட்டி என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். யுஎஸ் சீனியர் ஓபனில் 1980-இல் குறைந்தபட்ச வயது 55, ராபர்ட்டோ டி விசென்சோ வென்றார். அப்போது 50 வயதான பால்மருக்கு இடமில்லை. மறு வருடமே வரம்பை 50 ஆக்கினார்கள், பால்மரே கோப்பையைத் தூக்கினார்.

தேதியும் கவனம். கடைசி ரவுண்ட் ஞாயிற்றுக்கிழமை. மே மாதத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 5 மணி என்றால் கடலூரில் திங்கள் அதிகாலை 2:30. வென்ற நாளை அங்கத்திய தேதியிலேயே போடுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):
மிக்க நன்றி. "அதிக முறை வென்றவர் யார்? சாம் ஸ்னீட், 6 முறை", "1984-இல் வென்றவர் யார்?" இந்த இரண்டும் சரிதானே?

லாஸ்பேட்டை:
ஸ்னீட் சரி: 1964, 65, 67, 70, 72, 73. கடைசி வெற்றி 60 வயதில், 15 ஸ்ட்ரோக் (பந்தை அடித்த எண்ணிக்கை) வித்தியாசத்தில். இரண்டாவது கேள்விக்குப் பதில் இரண்டு. "1984 ஜனவரியில்" என்று திருத்துங்கள், இல்லாவிட்டால் தாம்சன் என்று சொன்ன அணி மேடையிலேயே சண்டைக்கு வரும்.