ஆலங்கட்டி மழையில் சேதமான கூரை: மதிப்பீடு 22,400 டாலர், கைக்கு வந்தது 5,600 டாலர்

நெய்வேலிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடகிழக்கே உள்ள வைலி நகரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்கள் ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை புல்தரையில் உருகாமல் கிடந்த கட்டிகளில் சில கோல்ஃப் பந்து அளவில் இருந்தன. வீட்டுக்குள் ஒழுகல் இல்லை என்பதால் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்திருந்தேன். ஏசி இயந்திரத்தின் பக்கத் தகடுகள் நசுங்கியிருப்பதையும், மழைநீர்க் குழாயின் வாயில் ஷிங்கிளிலிருந்து (கூரைமேல் வரிசையாக அடிக்கும் தார் பூசிய தகட்டிலிருந்து) உதிர்ந்த கருமணல் குவிந்திருப்பதையும் என் மனைவி காட்டிய பிறகுதான் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கிளெய்ம், அதாவது இழப்பீடு கேட்டுப் பதிவு செய்தேன்.

நிறுவனத்தின் சார்பில் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து, அடிபட்ட இடங்களை எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு போனார். முழுக் கூரையையும் மாற்ற ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 22,400 டாலர். ஆனால் வந்த காசோலையோ வெறும் 5,600 டாலர். அதிலும் என் பெயரோடு வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது.

இதற்கிடையில், மழை பெய்த மறுநாளே கதவைத் தட்டிய ஒரு ரூஃபிங் (கூரை வேலை) கான்ட்ராக்டர், "நீங்கள் டிடக்டிபிள் (செலவில் உங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு) கட்டவே வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்சூரன்ஸ்காரர்களிடம் உங்கள் சார்பில் நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்று கூறி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். நான் இன்னும் போடவில்லை. நிறுவனம் என்னை ஏமாற்றுகிறதா? இந்தக் கான்ட்ராக்டரை நம்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாமரைக்குளம்

நண்பருக்கு வணக்கம். முதலில் காசோலையைக் கீழே வைத்துவிட்டு, அதனுடன் வந்திருக்கும் மதிப்பீட்டுத் தாள்களின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாண்டுகளுக்கு முன் எனக்கும் இதே நிலை ஏற்பட்டபோது இரண்டு இரவுகள் தூக்கமில்லாமல் கிடந்தேன். பிறகு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்ததும் கணக்கு நேராகிவிட்டது.

உங்கள் பாலிசி, தேய்மானம் பார்க்காமல் புதிதாகப் போடும் விலையைத் தரும் வகையாக இருந்தால், நிறுவனம் பணத்தை இரண்டு தவணையாகத்தான் தரும். மொத்த மதிப்பீட்டிலிருந்து கூரையின் வயதுக்கான தேய்மானத்தை முதலில் கழிக்கிறார்கள். அதன்பின் டிடக்டிபிளைக் கழிக்கிறார்கள். எஞ்சியதுதான் முதல் காசோலை. வேலையை முடித்துக் கான்ட்ராக்டரின் இறுதி ரசீதை அனுப்பிய பிறகு அந்தத் தேய்மானத் தொகையைத் திருப்பித் தருவார்கள்.

டெக்சாஸில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் உரிய டிடக்டிபிள் பெரும்பாலும் ஒரு நிலையான தொகையாக இருப்பதில்லை. வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று இருக்கும். உங்கள் வீட்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் டாலர் காப்பீடும் 2 சதவீத டிடக்டிபிளும் இருப்பதாக வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 9,600 டாலர். தேய்மானம் 7,200 என்று போட்டிருந்தால், 22,400இல் இரண்டையும் கழிக்கச் சரியாக 5,600 வருகிறது. நான் ஊகித்த எண்கள்தான், இருந்தாலும் உங்கள் தாளிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சில பாலிசிகளில், குறிப்பாகக் கூரை பத்தாண்டுகளைத் தாண்டியிருந்தால், தேய்மானம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லும் பாலிசி இணைப்பைச் சத்தமில்லாமல் புதுப்பித்தல் தாள்களோடு சேர்த்துவிடுகிறார்கள். மதிப்பீட்டில் தேய்மானத் தொகை திரும்பப் பெறக்கூடியது என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா, இல்லையா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

காசோலையில் வங்கியின் பெயர் இருப்பது வழக்கம்தான். கடன் தீரும்வரை அவர்களுக்கும் வீட்டில் உரிமை உண்டு. நீங்கள் கையெழுத்திட்டு அவர்களுடைய கிளெய்ம் பிரிவுக்கு அனுப்பினால், தவணை பாக்கி இல்லாதவர்களுக்குச் சிறு தொகையை உடனே விடுவிப்பார்கள். பெரிய தொகையாக இருந்தால் வேலையின் நிலையைப் பார்த்துப் பகுதி பகுதியாகத் தருவார்கள். எனக்கு நான்கு வாரங்கள் பிடித்தன. ஆகவே கான்ட்ராக்டரிடம் தேதி குறிப்பதற்கு முன்பே வங்கியைத் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்.

கூரைப்பூனை

எட்டு ஆண்டுகளாக ஒரு ரூஃபிங் நிறுவனத்தில் மதிப்பீடு எழுதும் வேலை பார்க்கிறேன். ஆகவே கதவைத் தட்டியவரைப் பற்றி நான் சொல்வதே பொருத்தமாக இருக்கும்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிடக்டிபிளைத் தானே ஏற்றுக்கொள்வதாகவோ தள்ளுபடி செய்வதாகவோ ஒரு கான்ட்ராக்டர் சொல்வது டெக்சாஸில் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி டிடக்டிபிளை வீட்டுக்காரர் கட்டியே தீரவேண்டும். தேய்மானத் தொகையை விடுவிப்பதற்கு முன் அதைக் கட்டியதற்கான சான்றைக் கேட்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வங்கியில் மாறிய காசோலை, கிரெடிட் கார்டு அறிக்கை, தவணை முறையில் கட்டுவதற்கான ஒப்பந்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் போதும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் ஒழுங்கான கான்ட்ராக்டரிடம் தவணை கேட்பதே முறை. "பார்த்துக்கொள்கிறோம்" என்பவர் அந்த 9,600 டாலரைத் தன் பையிலிருந்து எடுத்துத் தரப்போவதில்லை. ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் ஃபெல்ட் தாளை மாற்றாமல், பழையதன் மேலேயே புது ஷிங்கிளை அடிப்பார். இரண்டு சரிவுகள் சேரும் பள்ள மடிப்பில் நீர் புகாமல் இருக்கப் போடவேண்டிய ஒட்டுத்தாளை விட்டுவிடுவார். இல்லையென்றால் நிறுவனத்துக்குப் பொய் ரசீது அனுப்புவார், அதில் உங்கள் பெயரும் இருக்கும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வருகிறவர்கள் இவர்கள். டெக்சாஸில் ரூஃபிங் வேலைக்கு மாநில உரிமம் என்று ஒன்றே கிடையாது. ஒரு லாரியும் ஏணியும் இருந்தால் யாரும் தொழில் தொடங்கிவிடலாம்.

"உங்கள் சார்பில் பேசுகிறோம்" என்பதும் அதே அளவுக்குத் தவறு. வேலையைச் செய்யும் கான்ட்ராக்டரே கிளெய்முக்காகப் பேரம் பேசக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கையும் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தள்ளிவிட்டது. அட்ஜஸ்டர் வரும்போது கான்ட்ராக்டர் உடனிருந்து அடிபட்ட இடங்களைக் காட்டலாம், அளவுகளையும் விலைகளையும் தரலாம். பாலிசியில் எது அடங்கும், எது அடங்காது என்று வாதாடுவதற்கு உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டர், அதாவது வீட்டுக்காரர் சார்பில் வாதாடுபவர், வேண்டும்; அவருடைய கட்டணம் கிளெய்ம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முழுக் கூரைக்கே ஒப்புதல் கிடைத்துவிட்ட உங்களுக்கு அவர் தேவைப்பட மாட்டார்.

உங்களுக்குத் தேவை வேறொன்று. அந்த மதிப்பீட்டில் என்னென்ன விடுபட்டிருக்கின்றன என்று வரிவரியாகப் பாருங்கள். கூரையை நாங்கள் ஸ்கொயர் கணக்கில் அளப்போம். ஒரு ஸ்கொயர் என்பது நூறு சதுர அடி. ஷிங்கிள் எத்தனை ஸ்கொயர் என்பதில் அட்ஜஸ்டர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. ஓரத்தில் வரும் ஸ்டார்ட்டர் வரிசை, முகட்டில் வரும் ரிட்ஜ் கேப், குளியலறைக் குழாய்கள் கூரையைத் துளைத்து வரும் இடத்தில் மாட்டும் ரப்பர் வளையம், செங்குத்தான சரிவுக்கான கூடுதல் கூலி, இரண்டாம் மாடிக்கான கூலி ஆகியவற்றில்தான் கோட்டை விடுகிறார்கள். எங்களிடம் வரும் மதிப்பீடுகளில் நான் அடிக்கடி காண்பது டிரிப் எட்ஜ் விடுபட்டிருப்பதுதான். கூரையின் விளிம்பில் மழைநீர் பலகைக்குள் ஏறாமல் இருக்க அடிக்கும் உலோகப் பட்டை அது. ஷிங்கிள் கூரைக்கு அதைப் போடவேண்டும் என்று 2012ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் பழைய வீடுகளில் இருக்காது. "ஏற்கெனவே இல்லாததற்கு நாங்கள் ஏன் பணம் தரவேண்டும்" என்று நிறுவனம் கேட்கும். உங்கள் பாலிசியில் இன்றைய கட்டட விதிப்படி செய்ய ஆகும் செலவுக்கான இணைப்பு இருந்தால் அவர்கள் தந்தாகவேண்டும்.

விடுபட்டவற்றைப் படங்களோடும் அளவுகளோடும் எழுதி, அவற்றையும் சேர்க்கும் துணை மதிப்பீடு கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. கேட்ட விவரங்கள் அனைத்தும் கைக்கு வந்த 15 வேலை நாட்களுக்குள் நிறுவனம் ஏற்பதா மறுப்பதா என்று எழுத்தில் சொல்லவேண்டும். ஏற்றுவிட்டால் அதன்பின் 5 வேலை நாட்களுக்குள் பணம் தரவேண்டும். பெரும்புயல் காலத்தில் இந்தக் கெடு நீளும்.

வடக்குவாசல்

எல்லாரும் கிளெய்ம் செய்த பின் என்ன செய்வது என்று சொல்கிறீர்கள். கிளெய்ம் செய்யத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கவேண்டும் என்பது என் கருத்து. ஒழுகாத கூரைக்காகக் கிளெய்ம் போட்டால் அது ஏழு ஆண்டுகள்வரை பதிவில் நிற்கும், வேறு நிறுவனத்துக்கு மாறும்போதும் தெரியவரும். 9,600 டாலரைக் கையிலிருந்து கட்டி, 12,800 டாலரை நிறுவனத்திடம் வாங்கி, பிறகு பிரீமியத்தில் அதைத் திருப்பிக் கட்டுவதில் என்ன லாபம்?

கூரைப்பூனை

நியாயமான கேள்விதான் ஐயா. ஒரு சரிவில் நாலு ஷிங்கிள் பறந்திருந்தால் நானும் கிளெய்ம் வேண்டாம் என்றே சொல்வேன். சேதத்தின் மதிப்பு டிடக்டிபிளைவிடச் சற்றே அதிகம் என்றாலும் அப்படியே. இது அந்த வகை அல்ல. ஆலங்கட்டி விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் அடிபட்ட மாம்பழம் போல மெத்தென்று அமுங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடியிழை விரிசல் விட்டுவிட்டது என்பதே அதற்குப் பொருள். மேலே இருந்த மணல் உதிர்ந்த இடத்தில் வெயில் நேராகத் தாருக்குள் இறங்கும். இன்றைக்கு ஒழுகாது, இரண்டு மூன்று கோடை கழித்து ஒழுகும்போது, பல பாலிசிகளில் உள்ள ஓராண்டுக் கெடு முடிந்துபோயிருக்கும்.

மேலும், மூன்றாண்டுகளில் மூன்று கிளெய்ம் என்ற காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கும்போது, இயற்கைச் சீற்றத்தால் வந்த கிளெய்ம்களை அந்தக் கணக்கில் சேர்க்க டெக்சாஸ் சட்டம் இடம் தருவதில்லை. பிரீமியம் ஏறத்தான் செய்யும். ஆனால் வட்டாரம் முழுதும் அடிவாங்கிய ஆண்டில், கிளெய்ம் போடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்தே ஏறும்.

தாமரைக்குளம்

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், ஆலங்கட்டி அடியைத் தாங்கும் நான்காம் வகுப்பு ஷிங்கிளுக்கும் விலை கேளுங்கள். இரண்டு அங்குல இரும்புக் குண்டை இருபதடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் பின்புறம் கிழியாமல் இருந்தால்தான் அந்த வகுப்பு கிடைக்கும். கூடுதல் விலையை நிறுவனம் தராது, உங்கள் கைப்பணம்தான். ஆனால் கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட சான்றிதழைக் கொடுத்தால் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நிறத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் கேட்காமல் போட்டு, ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து நடத்தினார்.

நெய்வேலிக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

தாமரைக்குளம் ஊகித்த எண்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. நல்லவேளையாக, தேய்மானம் திரும்பப் பெறக்கூடியது என்றே இருந்தது. கதவைத் தட்டியவரிடம், டிடக்டிபிளை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

இதே ஊரில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்யும் இன்னொருவரை அமர்த்திக்கொண்டேன். அவர் கூரையின் ஓரத்தில் ஒரு ஷிங்கிளைத் தூக்கிக் காட்டியபோது அடியில் வெறும் பலகைதான் தெரிந்தது. 2016 ஏப்ரல் 11 அன்று வைலியைச் சூறையாடிய ஆலங்கட்டிக்குப் பிறகு முந்தைய உரிமையாளர் மாற்றிய கூரை இது; அப்போது வேலை செய்தவர் டிரிப் எட்ஜை அடிக்கவே இல்லை. அதையும், செங்குத்துச் சரிவின் கூலியையும், பின்பக்கத்து மழைநீர்க் குழாய்களையும் சேர்த்துத் துணை மதிப்பீடு கேட்டதில் 2,550 டாலர் கூடியது. அந்தத் தொகையும், வேலை முடிந்து ரசீது காட்டிய பிறகே என்றார்கள்.

நான்காம் வகுப்பு ஷிங்கிளே போட்டேன். அதற்காகக் கையிலிருந்து 2,300 டாலர் கூடுதல். வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. பிரித்துப் பார்த்ததில் அடிப்பலகை இரண்டு இடங்களில் ஊறிப்போயிருந்தது. உள்ளே ஒழுகவில்லை என்று நான் நிம்மதியாக இருந்த அதே படுக்கையறைக்கு நேர்மேலே. கடைசியில் காந்தச் சக்கரத்தை உருட்டி ஆணி பொறுக்கினார்கள். இருந்தும் மறுவாரம் புல்வெட்டும்போது மூன்று ஆணிகள் அகப்பட்டன.

டிடக்டிபிளைக் காசோலையாகவே கொடுத்து, வங்கியில் மாறியதன் நகலை இறுதி ரசீதோடு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் 9,750 டாலருக்கு இரண்டாவது காசோலை வந்தது. அதிலும் வங்கியின் பெயர் இருக்கிறது. கையெழுத்திட்டு இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.