மணலுக்குள் போய்விடும் லெப்பர்ட் ராஸ்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

லெப்பர்ட் ராஸ் என்ற கடல் அலங்கார மீனை வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் தங்கள் டேங்க் மணலைப் பாருங்கள். இந்த மீன் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். பயந்தாலும் அங்கேதான் ஓடும். நைசான மணல் குறைந்தது 5 செ.மீ. ஆழம் வேண்டும். உடைந்த பவளத் துண்டுகளாக இருந்தால் முட்டி முட்டி வாய் புண்ணாகிவிடும், அப்புறம் சாப்பிடாது. பிளாஸ்டிக் பையில் வரும்போதே சில மீன்கள் அடியில் முட்டிக் காயப்பட்டிருக்கும். அதனால் சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தைக்குப் போனால் நான் நிறத்துக்கு முன்னால் உதட்டைத்தான் பார்ப்பேன். "கொஞ்சம் தீனி போடுங்கண்ணா" என்று கேட்டு, கொத்துகிறதா என்று நின்று பார்த்த பிறகே பையில் போடச் சொல்வேன்.

என்னுடையது டேங்கில் விட்டதும் நேராக மணலுக்குள் போனது. மறுநாளும் வரவில்லை. செத்திருக்கும், தோண்டி எடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் கை வைக்கவில்லை. மீன் செத்து அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும், அதை மட்டும் டெஸ்ட் செய்தேன், ஏறவில்லை. சரி, உயிரோடுதான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். தூரத்துக் கடலிலிருந்து வரும் மீனுக்கு நம் ஊர்ப் பகலும் இரவும் பழக நாளாகும். தோண்டினால் அந்த பயத்திலேயே போய்விடும். பிறகு ஒரு காலையில் பாறை ஓரமாக அது மேய்ந்துகொண்டிருந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

மேய்வதற்குப் பாறையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? கோபிபாட் மாதிரி இறால் இனத்து மிகச் சிறிய உயிரினங்கள் நிறைந்த பழைய டேங்க் இல்லாமல் இதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உறைந்த ஆர்ட்டீமியாவுக்கு (தீனியாகப் போடும் குட்டி உப்புநீர் இறால்) மெதுவாகத்தான் பழகும். பழகிய பிறகும் ஒரு வேளைத் தீனி போதாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து:

அண்ணா, மணல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு வெயிலோடுதான் போராட்டம். மே மாதம் வெளியே 40 டிகிரி தாண்டும், இந்த மீனுக்கோ 24 முதல் 27 டிகிரி வரை வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் தண்ணீர் மேல் ஃபேன் வையுங்கள். ஃபேன் காற்றில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கி அடர்த்தி ஏறும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஃபேனுக்காக மூடியைத் திறந்து வைத்தால் ராஸ் குதித்து வெளியே விழும். நான் ஃபிரேம் செய்து சன்னமான வலை கட்டியிருக்கிறேன், காற்றும் போகும், மீனும் பத்திரம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. கரண்ட் போனால் பம்பும் நின்றுவிடும், அதனால் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

குடியாத்தத்திலிருந்து:

புது மீனைத் தனி டேங்கில் வைத்துக் கவனிக்கும்போது மணலுக்கு என்ன செய்கிறீர்கள் அண்ணா?

காட்பாடியிலிருந்து:

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி உள்ளே வை தம்பி, அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒட்டுண்ணிக்குப் போடும் காப்பர் மருந்தை நான் இதற்குப் போடுவதில்லை. இந்த வகைக்கு அது ஒத்துக்கொள்வது கஷ்டம், பவள மணல் காப்பரை உறிஞ்சுவதால் அளவும் நிற்காது. டப்பாவை மட்டும் அடிக்கடி நகர்த்தாதே.