மறு: ‘கிளியல் ஸ்கார்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘நரம்புப்பசை வடு’ என்றே வைத்துவிடலாமே?

நண்பர்களுக்கு வணக்கம். மூளையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டால், நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் அந்த இடத்தைச் சுற்றிக் கட்டுகிற தழும்புதான் ‘கிளியல் ஸ்கார்’. அதற்குத்தான் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

பசையும் வேண்டாம், வடுவும் வேண்டாம் என்பது என் கட்சி. வடு என்றாலே எங்கள் பக்கம் மாவடு ஜாடிதான் ஞாபகம் வரும். ‘தண்டுவட வடு’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தழும்பு போதும், முழங்காலில் தழும்பு இல்லாதவர் யார்? ‘கிளியல் தழும்பு’ என்றால் கிளி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பசைக்கு வருகிறேன். காரைக்குடியில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே வரும் கொத்தனார் ஒருவர், பழைய செட்டிநாட்டு வீட்டில் பூச்சு வேலை பார்க்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். “கை நரம்பு அறுந்தா வளரும்ங்கிறீங்க, முதுகுல மட்டும் ஏன் வளரலை?” என்று கேட்டார். கை நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்தில் அறுந்த ஆக்சான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) தானாக அப்படி வளராது. அடிபட்ட இடத்தைச் சுற்றி கிளியா செல்கள் தழும்பு கட்டுவதும் இதில் பேசப்படும் காரணங்களில் ஒன்று என்று வாசித்துக் காட்டினேன். ‘நரம்புப்பசை’ வந்ததும் நிறுத்தினார்.

“பசைன்னா போஸ்டர் ஒட்டுறது தம்பி. ரெண்டு கல்லுக்கு நடுவுல புடிச்சு நிக்கிறதுக்குப் பேரு சாந்து.”

சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சுவரைக் கண்ணாடியாக்கிய கை அது. எனக்கு மறுபேச்சு வரவில்லை. கிரேக்கத்தில் கிளியா என்றால் பசைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1856-இல் ‘நியூரோகிளியா’ என்று பெயர் வைத்த ஜெர்மன் மருத்துவர் விர்ஷோவே தம் மொழியில் அதை ‘நெர்வென்கிட்’ என்றும் சொன்னார். கிட் என்பது ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு. கொத்தனார் நம்மைவிட விர்ஷோவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்!

ஆகவே கிளியாவுக்கு நரம்புச்சாந்து, ஸ்காருக்குச் சாந்துத்தழும்பு. கிளியா செல்கள் வெறுமனே இட்டு நிரப்புபவை அல்ல, ஊட்டமும் கொடுக்கும், குப்பையும் அள்ளும் என்று யாராவது சொல்வீர்கள். சரிதான், ஆனால் அந்தக் குறை மூலச்சொல்லிலேயே இருக்கிறது.

‘தடைத்தழும்பு’ என்ற யோசனையை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். தழும்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிப் புரதங்கள் ஆக்சானை மறிக்கின்றன என்பது உண்மை. 2002-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு எலிகளில் ஒரு நொதியால் அந்தச் சங்கிலிகளை வெட்டியதும் ஆக்சான்கள் ஓரளவு வளர்ந்தன, நடையும் தேறியது. ஆனால் 2016-இல் கலிஃபோர்னியாவில் சுண்டெலிகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டுகள் (நட்சத்திர வடிவக் கிளியா செல்கள்) கட்டும் தழும்பையே உருவாகவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள், ஆக்சான் வளரவில்லை. தழும்பு இருந்தபோதுதான், வளர்ச்சிக் காரணிகளையும் கொடுத்ததும், அதனூடே வளர்ந்தது. சண்டை தீராத விஷயத்துக்குப் பெயரிலேயே தீர்ப்பு எழுதினால், நாளைக்கு அகராதியைத்தான் திருத்த வேண்டிவரும்.

சாந்து என்றால் நெற்றிப்பொட்டாயிற்றே என்று வீட்டில் அப்பத்தா கேட்டார்கள். ‘நரம்பு’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆஸ்ட்ரோசைட்டுக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை. ‘விண்மீன்செல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், கொத்தனாரிடம் இன்னும் காட்டவில்லை.