'கற்பித்தல் புலமை' போதுமா? செவிலியக் கல்விக்கு ஒரு சொல்

> 'கற்பித்தல் புலமை' என்றே இருக்கட்டும். எல்லோருக்கும் பழகிய சொல், விளக்கம் தேவைப்படாது.

ஐயா, வணக்கம்.

பழகிய சொல்தான். ஆனால் புலமை என்பது ஒருவரிடம் இருப்பது. நாம் தமிழ்ப் பெயர் தேடுவதோ, ஆங்கிலத்தில் 'ஸ்காலர்ஷிப் ஆஃப் டீச்சிங்' எனப்படும், ஒருவர் செய்து பிறர் முன் வைக்கும் வேலைக்கு. அந்த ஆங்கிலப் பெயரையே எழுதினால் மாணவர்கள் உதவித்தொகை என்று நினைப்பார்கள். 'கற்பித்தல் ஆய்வு' என்பதும் ஒத்துவராது. ஆய்வை மட்டுமே அறிவுழைப்பாகக் கருதக்கூடாது என்றுதானே அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இல் கண்டறிதல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் என நான்கையும் அதன் வகைகளாக முன்வைத்தார்?

மருந்தளவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியை அதைத் தெளிவாக விளக்குகிறார். அது நல்ல கற்பித்தல். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று வெளிவந்த ஆய்வுகளைப் படித்துப் பாடத்தை அமைக்கிறார். இதைப் 'புலமைசார் கற்பித்தல்' எனலாம். அதோடு நில்லாமல், பாடத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து, மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பிக்கொள்வது குறைந்ததா என்று பார்த்து, குறையாவிட்டாலும் அதை எழுதி வெளியிடுகிறார். சக ஆசிரியர்கள் அதை அலசுகிறார்கள், வேறொரு கல்லூரி எடுத்தாள்கிறது. நமக்குச் சொல் வேண்டியது இந்த மூன்றாவதற்கு. பொதுவில் வைத்தல், சக அறிஞரின் மதிப்பீட்டுக்கு உட்படுதல், பிறர் அதிலிருந்து மேலே செல்ல இடம் தருதல் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் சொன்ன அளவுகோல்களும் இங்கேதான் பொருந்துகின்றன.

என் பரிந்துரை: கற்பித்தல் புலமைப்பணி. பணி என்றால் உத்தியோகம் என்று நினைப்பார்களோ என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். தமிழ்ப்பணி, சமூகப்பணி என்னும்போது யாரும் அப்படி நினைப்பதில்லையே! பங்களிப்பு என்ற பொருள் அங்கே தானாக வந்துவிடுகிறது.

பாயரின் 'பயன்படுத்தல்' வகைக்குத்தான் உங்கள் கருத்து வேண்டும். அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை அந்த இடத்தில் 'பிராக்டிஸ்' என்று வைத்தது. அது சரியான மாற்றம். பயன்பாடு என்றால் அறிவு வேறெங்கோ பிறக்கிறது, செவிலியர் அதை வாங்கிக் கையாள்கிறார் என்றாகிவிடும். நோயாளியின் படுக்கையருகிலும் அறிவு பிறக்கிறது. ஆகவே 'பயன்பாட்டுப் புலமைப்பணி' வேண்டாம், 'நடைமுறைப் புலமைப்பணி' என்கிறேன். நடைமுறை என்ற சொல் விதிமுறையையும் குறிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர்கள் இந்தக் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்: நீங்கள் அன்றாடம் செய்வதை எந்தச் சொல்லால் குறிப்பீர்கள்?