50 சைஸ் நைட்ரோ ஹெலி, கவர்னர் செட்டிங்: ஐடில்-அப்பில் வேகம் துள்ளுகிறது, ஹோவரில் ஊசலாடுகிறது

நைட்ரோ_600:

வணக்கம். 600 மி.மீ. பிளேடு போட்ட 50 சைஸ் (0.50 கன அங்குல எஞ்சின்) நைட்ரோ ஹெலி, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் ஹெலிகாப்டர். டிரான்ஸ்மிட்டர் ஃபுட்டாபா 14எஸ்ஜி, கவர்னர் (ரோட்டர் வேகத்தை நிலையாக வைக்க த்ராட்டிலைத் தானே திறந்து மூடும் கருவி) ஃபுட்டாபா ஜிவி-1. த்ராட்டில் சர்வோவைக் கவர்னரில் செருகி, கவர்னரிலிருந்து வரும் வயர்களை ரிசீவரில் 3-ஆம் சேனலுக்கும் (த்ராட்டில்) 7-ஆம் சேனலுக்கும் (வேகத் தேர்வு) கொடுத்திருக்கிறேன். இப்போதைய எண்கள்:

கியர் விகிதம் 8.5. வேகம் மூன்றும் 1600, 1850, 1950. ஸ்டிக் ஸ்விட்ச் ஆன் ஆகும் இடம் (கவர்னர் வேலைக்கு வரும் த்ராட்டில் அளவு) 40%.
த்ராட்டில் கர்வ் (ஸ்டிக் கீழிருந்து மேலே போகும் ஐந்து இடங்களில் த்ராட்டில் %): நார்மல் 0-30-45-60-80, ஐடில்-அப் (ஸ்டிக்கை இறக்கினாலும் எஞ்சின் வேகம் குறையாத பறக்கும் நிலை) 1-க்கு 60-50-45-60-85, ஐடில்-அப் 2-க்கு 85-50-35-50-85.
ஐடில்-அப் 2-இல் பிட்ச் (ரோட்டர் பிளேடின் கோணம்) ±12 டிகிரி. ஹோல்டில் (ஸ்டிக் எங்கே இருந்தாலும் எஞ்சினை ஐடிலில் நிறுத்தும் ஸ்விட்ச்) த்ராட்டில் 12%.

பிரச்சினைகள்: நார்மல் ஹோவரில் எஞ்சின் சத்தம் விநாடிக்கு ஒருமுறை போல ஏறி இறங்குகிறது. ஐடில்-அப் 2-இல் ஸ்டிக் நடுவைத் தாண்டும்போதெல்லாம் வேகம் துள்ளுகிறது. முழு பிட்ச் கொடுத்து ஏறினால் வேகம் விழுகிறது, கவர்னர் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது. கவர்னரின் கெயினை (வேக மாற்றத்துக்கு அது எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டுகிறது என்ற அளவை) கூட்டினால் சரியாகுமா? அல்லது எலக்ட்ரிக்கில் செய்வது போல கர்வை 60-60-60 என்று தட்டையாக்கிவிடலாமா?

கார்ப்_ஊசி:

கெயினை இப்போதைக்குத் தொடாதீங்க. நடுவில் துள்ளுவதற்கான காரணம் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது.

ஜிவி-1-க்கு உங்கள் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிவது கர்வைத் தாண்டி 3-ஆம் சேனலில் வரும் சிக்னல் மட்டும்தான். ஆன் ஆகும் இடம் 40%, ஐடில்-அப் 2 கர்வின் அடிப்புள்ளி (மிகத் தாழ்ந்த புள்ளி) 35%. அதனால் ஸ்டிக் நடுவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் கவர்னர் அணைந்து, அந்தப் பக்கம் ஏறியதும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. அணைந்த கணத்தில் த்ராட்டில் கர்வின்படி 35%-க்குப் போகும், பிடித்த கணத்தில் வேறொரு இடத்துக்குத் தாவும். நீங்கள் கேட்கும் துள்ளல் அதுதான். ஐடில்-அப் 1-இல் அடி 45% என்பதால் அங்கே தெரியவில்லை.

ஆன் ஆகும் இடத்தை 25%-க்கு இறக்குங்க. ஐடில்-அப் 2-இன் நடுப்புள்ளியை 38% ஆக்குங்க. எந்த ஐடில்-அப் கர்வின் அடிப்புள்ளியும் ஆன் இடத்தைவிட 10% ஆவது மேலே இருக்கணும். கீழே ஹோல்டின் 12%-க்கும் 25%-க்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறது, ஆகவே ஹோல்ட் போட்டதும் கவர்னர் நிச்சயம் விடும். நார்மல் கர்வில் இரண்டாம் புள்ளியை 30-இலிருந்து 20 ஆக்கிவிட்டால், கிளட்ச் பிடித்து ரோட்டர் சுற்றத் தொடங்கும்போதே கவர்னர் குறுக்கே வராது. ஸ்டிக் ஏறத்தாழ 30% போன பிறகுதான் வேலைக்கு வரும்.

இதையெல்லாம் எஞ்சினை ஓட்டாமலே பார்க்கலாம். மெயின் பிளேடுகளைக் கழற்றிவிட்டு, ரிசீவரை ஆன் செய்து, ஒவ்வொரு கண்டிஷனாக மாற்றி ஜிவி-1 திரையைப் பாருங்க. நார்மலில் 1600, ஐடில்-அப் 1-இல் 1850, ஐடில்-அப் 2-இல் 1950 என்று வரணும். டிரான்ஸ்மிட்டரின் கவர்னர் மெனுவில் என்ன சதவீதம் எழுதியிருந்தாலும், இறுதியாக நம்ப வேண்டியது கவர்னர் திரையில் வரும் எண்ணைத்தான். வரிசை தலைகீழாக வந்தால் 7-ஆம் சேனலை ரிவர்ஸ் செய்யுங்க.

ஹால்சென்சார்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஆன் இடத்தை மாற்றுவதற்கு முன் லிமிட் செட்டிங்கை எப்போது செய்தீர்கள் என்று யோசியுங்கள். கவர்னர் ஐடில், முழுத் திறப்பு, எஞ்சின் நிறுத்தம் ஆகிய இடங்களைக் கற்றுக்கொண்ட பிறகு ஏடிவி-யையோ (சர்வோ எவ்வளவு தூரம் நகரும் என்ற அளவு) சப்-டிரிம்மையோ (சர்வோவின் நடு இடத்தைச் சிறிது நகர்த்துவது) தொட்டிருந்தால், அது நினைக்கும் 25% வேறு, டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் 25% வேறு. சரியான வரிசை இதுதான்:

1. சர்வோ ஆர்ம் 90 டிகிரியில் நிற்கும்போது கார்புரேட்டர் பாதி திறந்திருக்க வேண்டும். சப்-டிரிம்மால் அல்ல, ஆர்மை ஸ்ப்லைனில் (சர்வோ அச்சின் பற்களில்) மாற்றிப் போட்டு இதை அடையுங்கள்.
2. முழுத் திறப்பும் முழு மூடலும் ஏடிவி 90 முதல் 110-க்குள் கிடைக்க வேண்டும். 70-இலேயே கிடைத்துவிட்டால் ஆர்ம் நீளம் அதிகம். உள் துளைக்கு வாருங்கள், இல்லாவிட்டால் சர்வோவின் நுணுக்கம் வீணாகும்.
3. பால் லிங்க்கை (சர்வோவையும் கார்புரேட்டரையும் இணைக்கும் குண்டு மூட்டை) விரலால் ஆட்டிப் பாருங்கள். கார்ப் பேரல் (கார்புரேட்டரைத் திறந்து மூடும் உருளை) நகராமல் லிங்க் மட்டும் நகர்ந்தால் மாற்றிவிடுங்கள்.
4. த்ராட்டில் டிரிம்மை ஏடிஎல் முறைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் டிரிம் ஐடில் முனையை மட்டும் நகர்த்தும், மேல்முனையைத் தொடாது.
5. இதெல்லாம் முடிந்த பிறகு லிமிட் செட்டிங். பிறகு மேலே எதைத் தொட்டாலும் லிமிட் செட்டிங்கை மறுபடி செய்ய வேண்டும்.

எஞ்சினின் குளிர்விப்பு ஃபேனில் ஒட்டிய காந்தம் கடப்பதை எண்ணி வேகத்தை அளக்கும் சென்சாரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். காந்தத்துக்கும் சென்சாருக்கும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி போதும். ஜிவி-1-இல் சென்சார் சோதனைத் திரை இருக்கிறது. ஃபேனைக் கையால் மெல்லச் சுற்றி, காந்தம் கடக்கும்போது காட்டும் அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் காந்தத்தின் முகம் மாறியிருக்கும். பசை வைக்குமுன் இதைப் பார்ப்பது நல்லது, வைத்த பிறகு பார்த்தால் ஃபேனைத் துளைக்க வேண்டியிருக்கும்.

ஃபேன் சமநிலைக்காக எதிர்ப்பக்கம் இரண்டாவது காந்தம் வைப்பவர்கள் உண்டு. அதை முகம் திருப்பி வையுங்கள். இரண்டும் ஒரே முகமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு எண்ணப்பட்டு, எஞ்சின் இருமடங்கு வேகத்தில் ஓடுவதாகக் கவர்னர் நினைத்து த்ராட்டிலை மூடிக்கொண்டே போகும்.

பசையில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.3 கிராம் காந்தம் 25 மி.மீ. ஆரத்தில் 16,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது அதை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 2 கிலோ. துளைக்குள் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, மெதுவாக இறுகும் எபாக்சி வைத்து ஒரு நாள் விடுங்கள். 5 நிமிட எபாக்சியும் சூப்பர் க்ளூவும் எஞ்சின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் தாங்குவதில்லை.

கார்ப்_ஊசி:

ஹோவர் ஊசலாட்டத்துக்கு வருவோம். விநாடிக்கு ஒருமுறை என்ற நிதானமான ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கெயின் பிரச்சினை இல்லை. நடு த்ராட்டிலில் கலவை ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) இருக்கிறது: கவர்னர் திறக்கிறது, எஞ்சின் தாமதமாக எழுந்திருக்கிறது, அதற்குள் கவர்னர் இன்னும் திறந்துவிடுகிறது, எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வேகம் ஏற, உடனே மூடுகிறது. வேகமான நடுக்கமாக இருந்தால்தான் லிங்கேஜ் ஆட்டம், கெயின், சென்சார் வயர் என்று தேடணும்.

கவர்னரை அணைத்துவிட்டு டியூன் பண்ணுங்க. வெறும் கர்வில் ஹோவர், நிதானமான ஏற்றம், இறக்கம் மூன்றிலும் ரோட்டர் சத்தம் பெரிதாக மாறாத அளவுக்கு ஊசிகளும் (எரிபொருள் அளவைத் திருத்தும் திருகுகள்) கர்வும் வந்த பிறகுதான் கவர்னரை ஆன் செய்யணும். நடுக்கலவை ஊசியை ஒரு முறைக்கு 1/16 திருப்புக்கு மேல் திருப்பாதீங்க.

இன்னொன்று. கவர்னர் லீன் (எரிபொருள் குறைந்த) ஓட்டத்தை மறைத்துவிடும். கவர்னர் இல்லாத எஞ்சின் லீனானால் வேகம் தளரும், சத்தத்தில் தெரியும். கவர்னர் இருந்தால் அது த்ராட்டிலைத் திறந்து வேகத்தைப் பிடித்து வைக்கும், காதுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும், உள்ளே பிஸ்டனும் லைனரும் வெந்துகொண்டிருக்கும். அதனால் இறக்கிய உடனே எஞ்சினின் பின்தட்டில் விரல் வைத்துப் பாருங்க. மூன்று நான்கு விநாடி வைக்க முடியாவிட்டால் மெயின் ஊசியை ஒன்றிரண்டு கிளிக் திறந்துவிடணும். ஏற்றத்தில் வெள்ளைப் புகைக்கோடு தொடர்ந்து வருகிறதா என்றும் பாருங்க. காலைக் குளிரில் வைத்த ஊசியையே மதிய வெயிலுக்கும் நம்பி ஓட்டாதீங்க.

தட்டை_கர்வ்:

மற்றவர்கள் தொடாத கேள்வி: தட்டைக் கர்வ். சில ஃப்ளைபார்லெஸ் யூனிட்களுக்குள் (ஹெலியை நிலைப்படுத்தும் மின்னணுக் கருவிகள்) இருக்கும் கவர்னர்களுக்குக் கர்வே தேவையில்லை, ஒரே மதிப்பு போதும். எலக்ட்ரிக் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கவர்னரிலும் அப்படித்தான், 60-60-60 என்பது அங்கே வேகத்துக்கான கட்டளை. ஏன் இதிலும் முயலக்கூடாது?

ஹால்சென்சார்:

எலக்ட்ரிக்கில் அந்த 60 வேகத்தைக் குறிக்கிறது. உங்கள் ஜிவி-1-இல் வேகக் கட்டளை 7-ஆம் சேனலில் வருகிறது, 3-ஆம் சேனலில் வரும் 60 கார்புரேட்டர் திறப்பு. இரண்டும் வேறு. பறக்கும்போது சென்சார் வயர் அறுந்தாலோ காந்தம் கழன்றாலோ த்ராட்டில் கர்வுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் பிட்ச் 0 டிகிரி, கர்வ் 60% என்றால் சுமையே இல்லாமல் எஞ்சின் எகிறும். ஒழுங்கான வி-கர்வ் (நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் உயர்ந்தது) இருந்தால் அதே நிலையில் சத்தம் கொஞ்சம் மாறும், இறக்கிவிடலாம். நைட்ரோவில், தனிக் கவர்னரோடு, தட்டைக் கர்வ் வேண்டாம் என்பதே என் முடிவு. உள்கட்டிய கவர்னர் என்றால் அந்த யூனிட்டின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

முழு பிட்ச்சில் வேகம் விழுவதற்குக் கவர்னரைக் குறை சொல்ல வேண்டாம். அந்த நேரம் சர்வோ ஏற்கெனவே முழுத் திறப்பில்தான் நிற்கும், இல்லாத சக்தியைக் கவர்னர் கொண்டுவர முடியாது. 50 எஞ்சினுக்கு 1950-இல் 12 டிகிரி அதிகம். பிட்ச் கேஜ் வைத்து 10-க்கு இறக்கி, அங்கே வேகம் நின்றால் அரை அரை டிகிரியாகக் கூட்டுங்கள்.

கியர் விகிதத்தை நம்பி விட்டுவிடாமல் மெயின் கியர் பல், பினியன் பல் இரண்டையும் எண்ணி வகுத்துப் பாருங்கள். உண்மையில் 8.5 இருக்கும் இடத்தில் 9.5 என்று பதிந்துவிட்டால், 1850 கேட்கும்போது கவர்னர் எஞ்சினை 17,575-க்குக் கொண்டுபோகும், ரோட்டர் உண்மையில் சுமார் 2,070-இல் சுற்றும். திரையோ 1850 என்றே காட்டும். ஒரு முறையாவது ஆப்டிகல் டேக்கோமீட்டரால் ரோட்டரை நேரடியாக அளந்து ஒப்பிடுவது அவசியம்.

நைட்ரோ_600:

ஆன் இடம் 25%, நடுப்புள்ளி 38%, பிட்ச் ±10 என்று மாற்றினேன். ஐடில்-அப் 2 துள்ளல் முழுவதும் போய்விட்டது, ஏற்றத்திலும் வேகம் நிற்கிறது. நடு ஊசி 1/8 மூடிய பிறகு ஹோவரும் பெரும்பாலும் அமைதி. ஆட்டோரொட்டேஷனுக்கு (எஞ்சின் சக்தி இல்லாமல் இறக்குவதற்கு) ஹோல்டில் 7-ஆம் சேனல் எந்த வேகத்தில் இருக்கணும்? சிக்னல் அறுந்தால் சர்வோக்கள் போகும் ஃபெயில்சேஃப் இடம் என்ன?

கார்ப்_ஊசி:

ஹோல்டில் த்ராட்டில் 12% என்பதால் ஸ்டிக் ஸ்விட்சே அணைத்துவிடும், 7-ஆம் சேனல் எங்கே இருந்தாலும் பாதிப்பில்லை. ஆனாலும் அதை நார்மலின் 1600-லேயே வையுங்க. ஹோல்டிலிருந்து நேராக ஐடில்-அப் 2-க்குத் தாவாமல் நார்மல் வழியாகவே வாங்க, கிளட்ச்சும் ஒன்-வே பேரிங்கும் பிழைக்கும்.

ஃபெயில்சேஃபில் 3-ஆம் சேனல் ஐடில், அதாவது 12%-க்கும் கீழே. எஞ்சின் ஓடாத நிலையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சர்வோ ஆர்ம் அந்த இடத்துக்கு வருகிறதா, கவர்னர் ஆஃப் காட்டுகிறதா என்று கண்ணால் பாருங்க. ரிசீவரை மறுபடி லிங்க் செய்தால் இந்தச் சோதனையையும் மறுபடி செய்யணும்.