புதுப்பிப்பு: மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம்

தத்தெடுத்த எங்கள் மகளிடம் அந்த உண்மையை எப்போது சொல்வது என்று சில மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதின்வயது வரை காத்திருக்கலாம் என்பதே அப்போது என் எண்ணம். பிறர் வாயிலாக அறிய நேர்ந்தால், செய்தியைவிட நாங்கள் மறைத்ததே அவளை அதிகம் காயப்படுத்தும் என்று பலர் எச்சரித்ததால், ஆறு வயதிலேயே சொல்லிவிட்டோம்.

அவள் அழவில்லை. "என்னைப் பெற்ற அம்மாவுக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அதன்பின் சில வாரங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்கினாள்.

கடும் புறக்கணிப்பு நிலவிய ருமேனிய அநாதைக் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்தெடுக்கப்பட்டு வந்த குழந்தைகளை, குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, 6 மாத வயதுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே வளர்ந்ததையும், பிந்தி வந்தவர்களில் சிலருக்குச் சிக்கல்கள் நீடித்ததையும் கண்டனர். எங்கள் மகளின் சூழல் அத்தனை கொடியதன்று. ஆயினும் இரண்டு வயதில் வந்தவளின் பயத்தை இத்தனை நாளும் பிடிவாதம் என்று நான் கண்டித்திருக்கிறேன்.

என் மாமியார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை.