ஹெட் கேஸ்கெட் மாற்றியும் மீண்டும் கசிவு: பரப்பை எப்படித் தயார் செய்வது?

கேள்வி:
நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேற்பகுதி), வார்ப்பிரும்பு பிளாக். இரண்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றிச் சில வாரங்களிலேயே ரேடியேட்டரில் குமிழ் வரத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரிலிருந்து பக்கத்து நீர்வழி வரை கேஸ்கெட்டில் கரித்தடம் ஓடியிருக்கிறது. முன்பு வேலை பார்த்த பட்டறையில், கிரைண்டரில் உரசும் வட்டு மாட்டிப் பரப்பைப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். கேஸ்கெட் பல அடுக்கு எஃகுத் தகடு வகை. இந்த முறை பசை தடவிப் பொருத்தினால் நிற்குமா?

பதில்:
பசை வேண்டாம் தம்பி. அந்த வகைக் கேஸ்கெட்டைக் கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை உலர்வாகத்தான் வைக்க வேண்டும். எனக்குச் சந்தேகம் அந்த வட்டின் மேல்தான். அலுமினியம் மென்மையானது, ஒரே இடத்தில் வட்டு சற்று நின்றாலே பள்ளம் விழுந்துவிடும். கண்ணுக்கு அது மின்னும், எஃகுத் தகட்டால் அதை நிரப்ப முடியாது. ஸ்ட்ரெயிட் எட்ஜை (துல்லியமான நேர்விளிம்புச் சட்டம்) நீளவாக்கில், குறுக்காக, இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) செலுத்திப் பாருங்கள். பொதுவாக 150 மி.மீ. நீளத்துக்குள் 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பிளாக்கையும் இதே போல அளக்க மறந்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
அளந்தேன் அண்ணா. பிளாக் சரியாக இருக்கிறது. ஹெட்டில் மூன்றாவது சிலிண்டர் ஓரத்தில் 0.10 மி.மீ. தகடு தாராளமாக நுழைகிறது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாமா?

பதில்:
கூடாது. இயந்திரத்தில் பரப்பைச் சமமாகக் கடையும் ஃபேசிங் வேலைக்குக் கொடுங்கள். எஃகுக் கேஸ்கெட் என்று சொல்லியே கொடுங்கள். அதற்குப் பரப்பு மிக வழவழப்பாக வேண்டும், சராசரிச் சொரசொரப்பு சுமார் 0.8 மைக்ரானுக்குள் இருந்தால் நல்லது. கடைந்தபின் ஹெட்டின் உயரம் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடக் கூடாது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருந்தால், வால்வு பாகங்களை மாட்டும் முன் அதை மட்டும் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் ஹெட்டின் மேற்பகுதியும் வளைந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொருவர்:
போல்ட் துளைகளை யாரும் சொல்லவில்லையே! அடிமூடிய துளையில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். போல்ட்டின் பிடியும் பொய்யாகிவிடும். துளைகளைத் துடைத்து, காற்றடித்து உலர்த்துங்கள். கண்ணாடி அணியாமல் காற்றடிக்காதீர்கள். பிளாக்கில் ஒட்டியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, பஞ்சு உதிராத துணியில் பிரேக் கிளீனர் நனைத்துத் துடைத்தால் போதும். துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். நீட்சி வகை போல்ட் (முறுக்கும்போதே நிரந்தரமாக நீளும் வகை) என்றால் புதியதே போட வேண்டும்.

கேட்டவர்:
துளைகளைப் பார்த்தேன், இரண்டில் கூலன்ட் நிற்கிறது. எடுத்துவிடுகிறேன். எஞ்சின் எண்ணெயையும் மாற்ற வேண்டுமா?

பதில்:
கட்டாயம், ஃபில்டருடன். அந்த வட்டு உதிர்க்கும் அலுமினியம் ஆக்சைடு துகள் பேரிங்கை அரித்துவிடும். ஓட்டிய சில வாரங்களில் அது உள்ளே சுற்றியிருக்கக்கூடும். ஆயில் பேனை இறக்கி, ஒரு கனெக்டிங் ராடு பேரிங்கையாவது கழற்றிப் பாருங்கள். கீறல் தெரிந்தால் ஹெட்டை மாட்டும் முன் எல்லா பேரிங்குகளையும் மாற்றிவிடுங்கள்.